மேல் வீட்டுச் சூடு

1

திருகோணமலையிலிருந்து என் பள்ளிக்கூடச் சிநேகிதன் ஒருவன் போன மாதம் ரெலிபோனில் பேசினான். இங்கே வீட்டைச் சூடாக்க முன்கூட்டியே காசு கட்டவேண்டும் என்று பேச்சுவாக்கில் சொன்னேன். அவனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"இஞ்ச நாங்கள் வேர்வையில செத்துக்கொண்டிருக்கிறம். நீங்கள் அங்க வெக்கையைக் காசு குடுத்து வாங்குறியளோ?" என்றான்.

நானும் சிரித்தேன். பிறகு வேறு கதைக்குப் போய்விட்டோம். வசந்தி எப்படி இருக்கிறாள் என்று கேட்டான். சுகம் என்றேன். ரெலிபோனை வைத்தபோது, சொல்ல வேண்டிய எதையும் சொல்லவில்லை என்று தெரிந்தது. அதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

மொன்றியலில் பெரும்பாலான வீடுகளைச் சூடாக்குவது மின்சாரம். மாதம் முடிய பில் வரும், கட்டுவார்கள். எங்கள் வீட்டுத் தொகுதி வேறு மாதிரி. அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில் பக்கம், ஆற்றுக்குக் கிட்ட, செங்கல் கட்டடங்கள் வரிசையாக நிற்கின்றன. நடுவில் ஒரு கொதிகலன் வீடு. அங்கே காய்ச்சும் தண்ணீர், நிலத்துக்குக் கீழே புதைத்த குழாய்கள் வழியாக எல்லாக் கட்டடங்களுக்கும் போகிறது. ஒவ்வொரு வீட்டிலும் யன்னலுக்குக் கீழே இருக்கும் இரும்பு ரேடியேற்றர்களுக்குள் ஓடி, ஆறி, திரும்பக் கொதிகலனுக்கே வருகிறது.

ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு மீற்றர். தெருமுனை டெப்பனேரில், அதாவது பாலும் பாணும் லொத்தர்ச் சீட்டும் விற்கும் சின்னக் கடையில், ஒரு அட்டையில் காசை ஏற்றிக்கொண்டு வரவேண்டும். அட்டையை மீற்றருக்குள் விட்டால் பச்சை விளக்கு எரியும், வால்வு திறக்கும், சுடுதண்ணீர் வரும். ஏற்றிய காசு தீர்ந்தால் சிவப்பு விளக்கு. வால்வு மூடிக்கொள்ளும். முழுதாக மூடாது. குழாய் உறைந்து வெடித்துவிடும் என்ற பயத்தில் கொஞ்சம் சூட்டைக் கசியவிடுவார்கள். அந்தச் சூட்டில் தண்ணீர் உறையாது. மனிதர் இருக்கலாமா என்பது அவர்கள் கணக்கில் இல்லை.

இதெல்லாம் பழைய மீற்றர்களின் காலம். அந்த மீற்றர்கள் வீட்டுக்குள் இருக்கவில்லை. நிலக்கீழ் அறையில், உடுப்புத் தோய்க்கும் இயந்திரங்களுக்குப் பின்னால், சுவரில் வரிசையாகப் பூட்டியிருந்தார்கள். ஒவ்வொன்றிலும் வீட்டு இலக்கம் ஒட்டியிருந்தது. பக்கத்தில் கையால் திருப்பக்கூடிய ஒரு திருகு. வேண்டுமானால் அதைத் திருகிச் சூட்டைக் கூட்டலாம், குறைக்கலாம்.

2

நான்தான் முதலில் வந்தேன். அகதி வழக்கு முடிந்து, கடதாசிகள் சரியாகி, வசந்தியையும் மகளையும் கூப்பிடுவதற்குள் மதுரா என்னை மறந்துபோயிருந்தாள். விமான நிலையத்தில் தாய்க்குப் பின்னால் ஒளிந்து நின்று, இவர் ஆர் என்று கேட்ட பிள்ளை. அது ஒரு நவம்பர் மாதம். அடுத்த கிழமையே பனி கொட்டத் தொடங்கியது.

எனக்கு ஒரு பாண் தொழிற்சாலையில் வேலை. பெரிய அடுப்புகளுக்கு முன்னால் நின்று தட்டுகளை இழுத்து அடுக்கவேண்டும். வெளியே எவ்வளவு குளிரென்றாலும் உள்ளே வெறும் பெனியனோடு வேர்த்துக்கொண்டு நிற்போம். வசந்திக்கு ஷபனெல் தெருவில் ஒரு தையல் தொழிற்சாலையில் இடம் கிடைத்தது. கொஞ்சக் காலம்தான். அந்த வருடங்களில் அந்தத் தெருத் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாகச் சீனாவுக்கும் பங்களாதேசுக்கும் போய்க்கொண்டிருந்தன. அவளுடையதும் போனது. பிறகு வெட்டிய துணிகளை வீட்டுக்குக் கொண்டு வந்து தைத்துக் கொடுத்தாள். நாள் முழுக்க அந்த வீட்டுக்குள் இருந்தவள் அவள்தான்.

வீடு குளிர்ந்தது. வாயால் ஊதினால் புகை தெரிகிற குளிர் இல்லை. உட்கார்ந்திருக்க உட்கார்ந்திருக்க எலும்புக்குள் இறங்குகிற குளிர். ஜக்கெற்றோடு சாப்பிட்டோம். மதுரா காலுறைகளை ஒன்றுக்குமேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு வீட்டுப்பாடம் செய்தாள். வசந்தி விரல் நுனிகளை வெட்டிய கையுறையோடு தைத்தாள். அப்படியும் விரல் விறைத்துத் தையல் கோணிப்போய், அவிழ்த்துத் திரும்பத் தைக்க நேர்ந்தது. மாரி முழுக்க மதுராவுக்கு நெஞ்சுச் சளி. பள்ளிக்கூடத்துத் தாதி, வீட்டில் சூடு இருக்கிறதா என்று ஒருநாள் பிள்ளையிடமே கேட்டிருக்கிறாள். சூடு இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்து பிள்ளை அழுதது.

அட்டை போடுவது என் பொறுப்பு. நிலக்கீழ் அறையில் எலி ஓடுகிறது என்று வசந்தி அங்கே இறங்குவதில்லை. நான் வேலையால் வரும்போது டெப்பனேரில் அட்டையை நிரப்பி, நேரே கீழே போய்ப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவேன். பச்சை விளக்கைப் பார்ப்பேன். திருகு முழுதாகத் திறந்திருப்பதைத் தொட்டுப் பார்ப்பேன். மேலே வந்து ரேடியேற்றரில் கை வைத்தால் வெறும் இரும்பு. சில நாட்களில் மட்டும் ஏதோ ஒரு வெதுவெதுப்பு. ஆனால் அட்டை மளமளவென்று தீர்ந்தது. ஒரு வீடு இவ்வளவு சூட்டைக் குடிக்குமா என்று கடைக்காரரே கேட்டார்.

எங்களுக்கு நேர் மேலே இருந்தவர் தர்மலிங்கம் அண்ணை. யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிட மூத்தவர், தனி ஆள். மனைவி நெடுங்காலத்துக்கு முன்பே செத்துப்போனா. பிள்ளைகள் ஊரில் படித்துக்கொண்டிருந்தார்கள். துறைமுகத்துப் பக்கம் ஒரு கொள்கலன் கிடங்கில் வேலை. கிடைக்கிற மேலதிக நேரத்தையெல்லாம் எடுப்பார். வீட்டுக்கு வருவது நித்திரைக்கு மட்டும். நல்ல மனிதர். பனி கொட்டினால் எங்கள் படியையும் சேர்த்துத் தள்ளிவிட்டுத்தான் வேலைக்குப் போவார்.

அவர் அட்டை போடுவதே குறைவு. தன் வீடு தானாகச் சூடாக இருக்கிறது என்று சொல்வார். வெப்பம் மேலேதானே ஏறும். கீழ் வீட்டில் குடும்பம் இருக்கிறது, சமையல் நடக்கிறது, அந்தச் சூடு மேலே வருகிறது என்பது அவர் விளக்கம். எல்லாரும் அப்படித்தான் நம்பினோம். வழியில் கண்டால், "தம்பி, உங்கட புண்ணியத்தில என்ர காலம் போகுது" என்று சொல்லிச் சிரிப்பார். ஜனவரி மாதத்தில் அவருடைய யன்னல் ஒரு கை அளவுக்குத் திறந்து கிடப்பதைத் தெருவிலிருந்து பார்த்திருக்கிறேன். கிடங்குக் குளிரில் நின்று பழகிய உடம்பு என்று நினைத்துக்கொள்வேன்.

வசந்தி ஒருநாள் அவருக்குக் குழம்பு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். வந்தவள் கதவடியில் நின்றபடியே கேட்டாள்.

"அவற்ற வீடு வெந்துகொண்டிருக்கு. எங்கட சூடுதான் மேல போகுதெண்டால், அது முதல் எங்கட வீட்டில இருந்திட்டெல்லோ போகவேணும்?"

சரியான கேள்வி. அந்தக் கேள்வியைக் கேட்ட ஒரே ஆள் அவள்தான்.

3

சூடு விற்கும் கம்பனிக்கு ரெலிபோன் எடுத்தேன். இந்த நாட்டில் ஒரு குறையைச் சொல்ல முதலில் அதற்கான பாஷை வேண்டும். நான் மாலை வகுப்பில் படித்த பிரெஞ்சை வைத்துக்கொண்டு, எனக்குக் குளிர்கிறது என்று சொல்ல நினைத்து, "ஜு சுயி ஃப்ருவா" என்றேன். அந்தப் பக்கம் பேசிய பெண் சிரித்துவிட்டாள். குளிர்கிறது என்பதை இவர்கள் 'என்னிடம் குளிர் இருக்கிறது' என்றுதான் சொல்வார்களாம். நான் சொன்னதற்கு அர்த்தம், நான் ஈரமில்லாத மனிதன், ஒட்டாத மனிதன் என்பது. பக்கத்தில் நின்ற மதுராவுக்கு அதற்குள் பிரெஞ்சு நன்றாக வந்திருந்தது. முகத்தை மூடிக்கொண்டு ரெலிபோனை என் கையிலிருந்து வாங்கினாள். அன்றிலிருந்து வீட்டின் எல்லா அலுவல்களையும் பேசியது அவள்தான். பத்து வயதுகூட நிரம்பவில்லை.

மூன்று முறை திகதி மாற்றி, ஒருவழியாக ஒரு பரிசோதகர் வந்தார். நிலக்கீழ் அறையில் எங்கள் மீற்றரைப் பார்த்தார். பச்சை விளக்கு. தண்ணீர் முழு வேகத்தில் ஓடுகிறது. திருகு திறந்திருக்கிறது. மேலே வந்து ரேடியேற்றரைத் தொட்டார். தோளைக் குலுக்கினார். சப்பாத்துக்கூடக் கழற்றாமல் கதவடியில் நின்று மதுராவிடம் ஏதோ சொல்லிவிட்டு, என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

என்ன சொன்னவர் என்று வசந்தி கேட்டாள்.

"மீற்றர் சரியாம் அம்மா. சூடு வடிவா வருதாம். வீடு குளிருதெண்டால், வீட்டில ஆரோ கீழ போய் அந்தத் திருகைக் குறைச்சு வச்சிட்டு, தான் வாற நேரம் பார்த்துத் திறந்திருக்கினமாம்."

பிள்ளை கேட்டதை அப்படியே சொன்னது. அதில் அதன் பிழை ஒன்றுமில்லை. வசந்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் உடனே விளங்கிக்கொள்ளவில்லை. நிலக்கீழ் அறைக்குப் போகிறவன் இந்த வீட்டில் நான் ஒருவன்தான் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

4

ஊரில் என் தங்கையின் மகளுக்குக் கலியாணம் பேசியிருந்தார்கள். தங்கை புருஷனை இழந்தவள். என்னால் முடிந்ததை அனுப்பிக்கொண்டிருந்தேன். வசந்தியிடம் மறைத்து எதையும் அனுப்பவில்லை. அவளும் அனுப்ப வேண்டாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் அந்தப் பரிசோதகர் வந்துபோன பிறகு, அவள் மனதில் இரண்டும் ஒன்றாக முடிச்சுப் போட்டுக்கொண்டன. தங்கைக்கு அனுப்புவதற்காக நான் கீழே போய்ச் சூட்டைக் குறைக்கிறேன் என்று நினைக்கத் தொடங்கினாள். முதலில் சொல்லவில்லை. பிறகு, பேச்சோடு பேச்சாக, ஒரு மாதிரியாகச் சொன்னாள். நான் இல்லை என்றேன். சத்தியம் செய்தேன். ஒருநாள் கையைப் பிடித்து நிலக்கீழ் அறைக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பச்சை விளக்கையும் திருகையும் காட்டினேன். பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான் வாறன் எண்டு தெரிஞ்சு திறந்து வச்சிருக்கிறியள்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னாள். "நீங்கள் பகல் முழுக்க அடுப்படியில நிக்கிறியள். உங்களுக்கு எங்க குளிரப்போகுது."

அந்தக் கார்த்திகையில் கலியாணம் நல்லபடி நடந்து முடிந்தது. கலியாணக் கடனெல்லாம் தீர்ந்துவிட்டது, இனி அனுப்பவேண்டிய தேவை இல்லை என்று தங்கை மார்கழியில் ரெலிபோனில் சொன்னாள். அதே கிழமை, நத்தார் என்கிற கிறிஸ்மஸ் விடுமுறையில், எங்கள் வீடு சூடானது. ரேடியேற்றர்கள் சுட்டன. யன்னல் கண்ணாடியில் படிந்திருந்த உறைபனி உருகி வழிந்தது. மதுரா சட்டையோடு வீட்டுக்குள் ஓடித்திரிந்தாள். எனக்கு ஒரே சந்தோசம். வசந்தி தையலை நிறுத்திவிட்டு அந்த ரேடியேற்றரைத் தொட்டபடி நெடுநேரம் இருந்தாள். நான் ஏதோ சொல்லிக்கொண்டு கிட்டப் போனபோது, கையை எடுத்துக்கொண்டு எழும்பிப் போய்விட்டாள்.

அந்தக் கிழமைதான் ரொறன்ரோவிலிருந்து தர்மலிங்கம் அண்ணையின் தங்கை குடும்பமும் மேல் வீட்டுக்கு வந்து தங்கியிருந்தது. சின்னப் பிள்ளைகள் என்று அவர் வழக்கத்துக்கு மாறாக அட்டையை நிறைய நிரப்பியிருந்தார். இரண்டையும் சேர்த்துப் பார்க்க அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

அவர்கள் போனார்கள். எங்கள் வீடு திரும்பக் குளிர்ந்தது. தங்கைக்குக் காசு அனுப்பாமலே குளிர்கிறதே என்று நான் வசந்திக்குச் சொல்லிப் பார்த்தேன். அவள் காதில் விழவில்லை. அப்படியென்றால் வேறு யாருக்கு அனுப்புகிறீர்கள் என்று கேட்டாள்.

பங்குனி மாதம், பனி உருகுவதற்கு முன்பே, அவளுடைய தமையன் ஆற்றுக்கு அப்பால் இருக்கும் புரோசார்டிலிருந்து வான் வண்டியோடு வந்தார். தையல் இயந்திரத்தையும் இரண்டு பெட்டியையும் ஏற்றினார்கள். குளிர் முடிய வருவம் என்றுதான் சொன்னாள். மதுரா முன் இருக்கையில் இருந்து வானொலியைத் திருகிக்கொண்டிருந்தாள். மாமாவின் வீட்டில் தனக்குத் தனி அறை என்று முதல்நாளே சொல்லியிருந்தாள்.

குளிர் முடிந்தது. கோடையும் முடிந்தது. மதுராவைப் புரோசார்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். வசந்திக்கு அங்கே ஒரு கடைத்தொகுதியில், உடுப்புத் திருத்தும் இடத்தில், வேலை கிடைத்தது; பிரெஞ்சும் பழகிக்கொண்டாள். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் எடுத்துப் பாலம் கடந்து போய், மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு வருகிறவன் ஆனேன். தமையன் வீட்டுக்காரர் என்னை மரியாதையாகத்தான் நடத்தினார்கள். விருந்தாளிக்குரிய மரியாதை. ஒவ்வொரு முறையும் மதுராவின் தமிழ் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்திருக்கும். நான் கேட்பதற்கு ஓம், இல்லை என்பாள். மிச்சத்தைத் தாயிடம் பிரெஞ்சில் சொல்லித் தாய் எனக்குச் சொல்வாள்.

இப்படியே வருடங்கள் போயின.

5

பிறகுதான் மீற்றர்களை மாற்றப்போவதாகக் கதவுகளில் அறிவித்தல் ஒட்டினார்கள். பழைய அட்டை மீற்றர்கள் போய், புதியவை வரும். இனி நிலக்கீழ் அறைக்குப் போகத் தேவையில்லை. வீட்டுக்குள்ளேயே சுவரில் ஒரு சின்னத் திரை இருக்கும். எவ்வளவு சூடு, இன்னும் எவ்வளவு மிச்சம் என்று அதில் பார்க்கலாம். ரெலிபோனிலேயே காசு ஏற்றலாம். தொகுதியில் எல்லாருக்கும் சந்தோசம். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நான் தனி ஆள். வேலையால் வந்து போர்வைக்குள் புகுந்துகொள்வதோடு என் மாரி போய்விடும்.

மாற்ற வந்தவர் ஹெயிற்றிக்காரர். நடு வயது. வேலை செய்யும்போது மெல்லப் பாடிக்கொண்டு செய்தார். முதலில் கீழே போய் எங்கள் இலக்கம் ஒட்டிய குழாயை இறுக்க மூடிவிட்டு வந்தார். பிறகு புதிய மீற்றரைப் பூட்டுவதற்காக எங்கள் வீட்டுக் குழாயின் மூட்டைக் கழற்றினார். தண்ணீர் வந்திருக்கக்கூடாது. பீறிட்டு வந்தது. சுடுதண்ணீர் அவர் சேட்டிலும் சுவரிலும் தெறித்தது. பாட்டு நின்றது. ஏதோ திட்டிக்கொண்டு மூட்டைத் திரும்ப இறுக்கினார்.

நான் துடைக்கத் துணி எடுத்துக்கொண்டிருக்கும்போது கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. தர்மலிங்கம் அண்ணை. அன்று அவருக்கு விடுமுறை.

"தம்பி, என்ர வீட்டில சூடு நிண்டுபோச்சு. இவர் எதையும் மூடினவரோ?"

தொழிலாளிக்கு நான் பிரெஞ்சில் சொன்னேன். அவர் என்னையும் அண்ணையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கீழே போனார். நாங்களும் பின்னால் போனோம். எங்கள் இலக்கக் குழாயைத் திரும்பத் திறந்தார். பக்கத்தில் இருந்த, அண்ணையின் இலக்கம் ஒட்டிய குழாயை மூடினார். மேலே ஓடி வந்து எங்கள் வீட்டு மூட்டைக் கவனமாகத் தளர்த்தினார். ஒரு சொட்டுக்கூட வரவில்லை. இன்னொரு முறை மாற்றி மாற்றிச் செய்து பார்த்தார். பிறகு திரும்பக் கீழே இறங்கி வந்து, இரண்டு சுட்டுவிரல்களையும் ஒன்றுக்குமேல் ஒன்று குறுக்காக வைத்துக் காட்டினார்.

"க்ருவாஸே, முஸ்யூ." மாறிக் கிடக்கிறது, ஐயா.

கட்டடம் கட்டியவர்கள் இரண்டு குழாய்களை மாற்றிப் பூட்டியிருக்கிறார்கள். நான் அட்டை போட்டால் மேல் வீடு சூடாகும். தர்மலிங்கம் அண்ணை அட்டை போட்டால் எங்கள் வீடு சூடாகும். அவர் போடாத நாட்களில், குழாய் உறையாமலிருக்க விடுகிற அந்தக் கசிவில்தான் என் மனைவியும் பிள்ளையும் இருந்திருக்கிறார்கள். இது எனக்கு மெல்ல மெல்லத்தான் விளங்கியது. அண்ணைக்கு என்னைவிட முந்தி விளங்கிவிட்டது. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நிலக்கீழ் அறையின் படியில் இருந்துவிட்டார்.

"நத்தாருக்கு என்ர தங்கச்சியாக்கள் வந்து நிண்டவை" என்றார். பிறகு, "நான் யன்னலைத் திறந்துவிட்டெல்லோ படுத்தனான்" என்றார்.

தொழிலாளி எங்களைத் தொந்தரவு செய்யாமல் தன் வேலையைச் செய்தார். குழாய்களைச் சரியாக மாற்றிப் பூட்டினார். மத்தியானத்துக்கு முன் எங்கள் வீட்டுச் சுவரில் புதிய திரை எரிந்தது. ரேடியேற்றர்கள் ஒவ்வொன்றாகக் கொதிக்கத் தொடங்கின. என் வீடு இவ்வளவு சிறியது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். ஒரு மணித்தியாலத்துக்குள் மூலை முடுக்கெல்லாம் சூடாகிவிட்டது.

6

கம்பனிக்குப் போனேன். நேரே, ஆளாக. அதற்குள் என் பிரெஞ்சு ஒரு முறைப்பாட்டைச் சொல்லி முடிக்கிற அளவுக்கு வந்திருந்தது. ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு அனுப்பினார்கள். கடைசியில் ஒரு இளைஞர் பொறுமையாகக் கேட்டார். கட்டியது வேறு கம்பனி. அது இப்போது இல்லை. தாங்கள் பிறகு வாங்கியவர்கள். கட்டடத்துக்குப் போன சூடும் கட்டடத்திலிருந்து வந்த பணமும் மொத்தத்தில் சரியாக இருப்பதால், தங்கள் பதிவில் இழப்பு என்று ஒன்றும் இல்லை. இரண்டு வீட்டுக்காரரும் தமக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்றார். இப்போது சூடு நன்றாக வருகிறதா என்று அக்கறையோடு கேட்டார். வருகிறது என்றேன். அப்படியானால் நல்லது என்று கை கொடுத்தார்.

தர்மலிங்கம் அண்ணை என்னோடு காசுக் கணக்குப் பேச வந்தார். நான் அதற்கு இடம் கொடுக்கவில்லை. அப்போது அவர், தான் நேரில் வந்து வசந்திக்குச் சொல்லவேண்டும் என்றார். நான் சொன்னால் அவள் நம்பமாட்டாள் என்பது அவருக்கும் தெரிந்திருந்தது.

அந்த ஞாயிறு இருவரும் புரோசார்டுக்குப் போனோம். பஸ் பாலத்தில் ஏறும்போது அவர், "நான் நல்லாத்தான் நித்திரை கொண்டனான், தம்பி" என்றார்.

தமையனும் மனைவியும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். வசந்தி தேத்தண்ணி போட்டு வைத்தாள். அண்ணை அதைத் தொடாமலே, முதலிலிருந்து கடைசிவரை, தொழிலாளி விரல்களைக் குறுக்காக வைத்துக் காட்டியதுவரை, ஒன்றும் விடாமல் சொன்னார். நத்தார்க் கிழமையைப் பற்றிச் சொன்னபோது அவள் தலையைக் குனிந்துகொண்டாள். சொல்லி முடித்துவிட்டு அண்ணை வெளியே போய் வாசலில் நின்றார்.

உண்மையைச் சொல்கிறேன். நான் அன்று ஒரு நம்பிக்கையோடுதான் போயிருந்தேன். வீடு சூடாக இருக்கிறது, வா என்று சொல்லக் காத்திருந்தேன். அண்ணை தொடாத தேத்தண்ணியை வசந்தி உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள்.

"நீங்கள்தான் குறைச்சனீங்கள் எண்டு நினைச்சுக்கொண்டு இருக்கேக்க, ஒருநாளைக்கு மன்னிச்சுப்போட்டு வருவன் எண்டு மனசுக்க ஒரு எண்ணம் இருந்தது" என்றாள். "இப்ப மன்னிக்கிறதுக்கு ஒண்டுமில்லை. நீங்கள் சத்தியம் பண்ணினனீங்கள். நான் நம்பேல்லை. பிள்ளைக்கு முன்னால உங்களைக் கள்ளன் ஆக்கினனான். அந்த முகத்தோட உங்களுக்கு முன்னால எப்பிடி இருக்கிறது?"

எனக்கு அது பரவாயில்லை என்றேன்.

"உங்களுக்குப் பரவாயில்லை" என்றாள். "எனக்கு ஏலாது."

குளிரும் இல்லை, கோபமும் இல்லை. வருவதற்குத் தடையாக இருந்தவை எல்லாம் போய்விட்டன. அவை போனதோடு வருவதற்கான வழியும் போய்விட்டது. நான் எதைச் சொல்லி அவளை மறுக்க முடியும்? பிழை செய்தவனாக இருந்திருந்தால் கெஞ்சியிருக்கலாம்.

நாங்கள் புறப்படும் நேரத்தில் மதுரா வந்தாள். சனி ஞாயிறுகளில் ஒரு கோப்பிக் கடையில் வேலை செய்துகொண்டிருந்தாள். தாய் அவளுக்குச் சுருக்கமாகச் சொன்னாள். அவள் கையுறையைக் கழற்றியபடியே கேட்டாள். கேட்டுவிட்டு என்னைப் பார்த்து, "ஸே பா க்ராவ், பப்பா" என்றாள். பெரிய விசயமில்லை அப்பா என்று அர்த்தம். என் மனம் நோகக்கூடாதென்றுதான் சொன்னாள். என் தோளில் ஒரு முறை தட்டினாள். அந்தப் பரிசோதகரின் சொல்லைத் தாய்க்கு மொழிபெயர்த்தது அவளுக்கு நினைவிருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. நினைவில்லாமல் இருந்தால் அப்படியே இருக்கட்டும்.

7

தர்மலிங்கம் அண்ணை அந்த வீட்டில் தொடர்ந்து இருக்கவில்லை. என் தலைக்கு மேலே நடக்கவே தனக்குக் கூச்சமாக இருக்கிறது என்று ஒருநாள் சொன்னார். கோடையில் வேலையை விட்டுவிட்டு ரொறன்ரோவில் தங்கையோடு போய்ச் சேர்ந்தார். அவருடைய தளபாடங்களை இறக்க நானும் உதவினேன். புறப்படும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இப்போது மேலே ஒரு மொரோக்கோக் குடும்பம் இருக்கிறது. கைக்குழந்தை. அவர்கள் சூடு அவர்களுக்கு, என் சூடு எனக்கு.

வசந்தி சனிக்கிழமைகளில் ரெலிபோன் எடுப்பாள். சாப்பிட்டாயிற்றா, இரத்த அழுத்தக் குளிசை போட்டாயிற்றா என்று கேட்பாள். நானும் அவள் விரல் நோவைப் பற்றிக் கேட்பேன். முன்னையைவிட மரியாதையாகப் பேசிக்கொள்கிறோம். அந்த மரியாதை எனக்குத் தாங்க முடியாமல் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் போவதை நான் மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டேன். நான் போனால் அவள் சமையலறையை விட்டு வெளியே வருவதில்லை.

மதுரா சேஜெப் முடித்துவிட்டாள். பள்ளிக்கூடத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையில் இங்கே அப்படி ஒரு படிப்பு இருக்கிறது. இந்த ஆவணியில் கியூபெக் நகரத்தில் பல்கலைக்கழகம் தொடங்குகிறது. போன கிழமை அவளே எனக்கு ரெலிபோன் எடுத்தாள். அவள் தானாக எடுப்பது எப்போதாவதுதான், அதனால் பதறிப்போய்த்தான் கேட்டேன். ஒன்றுமில்லை அப்பா என்றாள். அங்கே ஒரு சிநேகிதியோடு வீடு பார்த்திருக்கிறாளாம். எல்லாம் சேர்த்துத்தான் வாடகை; தண்ணீர், மின்சாரம், சூடு, எல்லாம்.

"சூட்டுக்கு நாங்கள் ஒண்டும் செய்யத் தேவையில்லை அப்பா. தன்ரபாட்டில வரும்" என்றாள்.

நல்லது பிள்ளை என்றேன். சிநேகிதி யார், எந்த ஊர் என்று கேட்டேன். பிரெஞ்சுப் பெயர் ஒன்று சொன்னாள், எனக்குப் பிடிபடவில்லை. நான் ஒருநாள் பஸ் எடுத்து வந்து பார்க்கவா என்று கேட்டேன். வாங்கோ, ஆனால் முதல் மாதம் படிப்பு நிறைய இருக்கும் என்றாள். சரி, விலாசத்தையாவது சொல்லு, எழுதி வைக்கிறேன் என்று பேனையை எடுத்தேன். பின்னால் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். அவள் அவர்களுக்கு வேகமாக ஏதோ சொன்னாள், சிரித்தாள். பிறகு திரும்ப ரெலிபோனுக்கு வந்தாள்.

"பேந்து அனுப்புறன், பப்பா."

ஓம் என்றேன். இன்னும் அனுப்பவில்லை.